நன்னன் மலையில் முழவு சுமந்தவர்கள்

கூத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வேடம் கட்டியவர். கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து திரையை விலக்கிக்கொண்டு வருகிற துரியோதனனை ஊர் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும். அவனுக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்து விடியும்வரை வாசித்தவர்களின் முகம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? இந்தப் பின்வரிசைக்கும் நெடிய வரலாறு உண்டு. அதன் முதல் ஏடுகளுள் ஒன்று ஜவ்வாது மலையடிவாரத்தில் கிடைக்கிறது.

பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு மலைபடுகடாம். 583 அடிகள். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. அது இன்றைய செங்கம் என்பதும், பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை என்பதும் அறிஞர்களின் பொதுக்கருத்து. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, ஏட்டுக்கட்டுகளிலிருந்து இந்தப் பாட்டும் அச்சுக்கு வந்தது. இதற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்வதாக அமைந்தது.

பெயரில் கூத்தர் இருந்தாலும் பாட்டு ஆட்டத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. மூட்டைகளைச் சொல்லித் தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பத்து இயங்கள் முதல் அடிகளிலேயே வரிசையாக வந்துவிடுகின்றன. ஆகுளி சிறுபறை. பாண்டில் வெண்கலத் தாளம். பதலை ஒருமுகப் பறை. பைகளில் கட்டித் தோளில் தொங்கவிட்ட இந்தக் கருவிகள் பலாமரத்தின் காய்க்கொத்தைப் போலிருந்தனவாம். சுமந்து நடந்தவனை அருகிலிருந்து பார்த்தவருக்கே இந்த உவமை தோன்றியிருக்கும்.

மலைவழியில் கூறப்படும் அறிவுரைகளில் ஒன்று கருவிக்காரர்களுக்கென்றே அமைந்தது. தெய்வம் உறையும் இடத்தைக் கண்டால் தொழுது செல்லுங்கள். வீணாக இயங்களைத் தொட்டுவிடாதீர்கள். இந்த மலையில் மழை பிடித்துக்கொள்ளும் என்கிறான் வழிகாட்டி. இதில் தெய்வ அச்சம் இருக்கிறது. தோற்கருவி வாசிப்பவருக்கு இதில் இன்னொன்றும் கேட்கும். நனைந்த தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலில் நாதம் எழாது.

பரிசில் வழங்கும் இடமும் கவனிக்கத் தக்கது. கூட்டத்தின் தலைவன் பொற்றாமரை சூடுகிறான். விறலியர் இழை அணிகிறார்கள். முழவு சுமந்தவன் பங்கு கூட்டத்தின் பங்குக்குள் அடங்கிவிடுகிறது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று.

மலைபடுகடாம் பாடும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் வழியே ஓடும் இன்றைய செய்யாறுதான். அதே பெயர் கொண்ட செய்யாறு நகரம் அதன் கரையில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்தால் பெயர்பெற்றது. 2003இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரான் அவ்வூர்க் கலைஞர். சங்ககாலக் கூத்துக்கும் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் ஆடப்படும் பாரதக் கூத்துக்கும் இடையே அறுபடாத கோடு ஒன்றை இழுக்க நான் முனையவில்லை. அதற்குச் சான்று போதாது. ஒரே ஆற்றின் கரையில் இரண்டு காலத்துப் பின்வரிசைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். அவ்வளவே.

இன்றைய பின்வரிசையில் மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவை இடம்பெறுகின்றன. புதிதாக வருபவனுக்குப் பொதுவாகத் தாளத்தைக் கொடுத்துப் பின்பாட்டில் நிறுத்துகிறார்கள். அவன் கையில் இசைக்குறிப்பு எழுதிய தாள் எதுவும் இராது. நடிகர் ஓரடி பாடி ஆடத் தொடங்கியதும், பின்னிருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். அடவு எங்கே முடியும், வசனத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும், கட்டியக்காரன் பேச்சு எங்கே நீளும் என்பதெல்லாம் அன்றிரவுதான் தெரியும். ஆகவே புதியவன் முதலில் பழகுவது நடிகரின் காலைப் பார்க்க. பிறகு மூத்தவரின் கையைக் கேட்க. வாசிப்பு அதற்கும் பிறகுதான். ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876இல் திறக்கப்பட்ட தம் அரங்கில், வாக்னர் வாத்தியக்காரர்களைப் பார்வையாளர் கண்ணில் படாதவாறு பள்ளத்தில் அமர்த்தினார். கூத்தில் அந்த மறைவு இல்லை. புதியவன் தடுமாறினால் ஊரே பார்க்கும்.

இந்த வரிசைக்கு ஆர்மோனியம் பிந்தி வந்த விருந்தாளி. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் உருவாகி, இந்தியாவில் கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று, நாடகக் கம்பெனிகளின் உயிர்மூச்சானது. 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. தடை முப்பது ஆண்டுகள் நீடித்தது. கூத்துக்களம் அதைப் பொருட்படுத்தவில்லை. எந்தக் குரலுக்கும் விடாமல் சுருதி தரும் கருவியை இரவெல்லாம் பாடுபவர்கள் எப்படிக் கைவிடுவார்கள்? மறுபக்கம் முகவீணை இருக்கிறது. சீவாளி வைத்து ஊதும் சிறிய குழல். அதன் கூரிய ஒலி ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் எல்லைவரை கேட்கும். அதை ஊதப் பழக ஆண்டுகள் ஆகும். கட்டை அழுத்தினால் ஒலி தரும் கருவிகள் மலிந்த காலத்தில் அந்த ஆண்டுகளைச் செலவிட முன்வருபவர் சிலரே.

காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலம், 2002 முதல் 2020 வரை பள்ளிக்கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. பெண்பிள்ளைகளும் அங்கே பயின்றார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. மலைபடுகடாம் சொன்ன பத்தில் எல்லரி எப்படி ஒலித்தது என்று இன்று எவரும் வாசித்துக் காட்ட முடியாது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. ஏதோ ஒரு தலைமுறையில், வாசிப்பவர் அருகே புதியவன் ஒருவன் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அடுத்த முறை கூத்துப் பார்க்க நேர்ந்தால், நண்பர்களே, துரியோதனனை விட்டுச் சற்றே பின்னால் பாருங்கள். தாளத்தோடு ஒரு சிறுவன் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த ஊரில் கூத்துக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுள் இருக்கிறது.