நியூட்டன் பெட்டி மலையேறிய கதை

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் வீடுகளில் கொல்லைப்புறம் சும்மா கிடப்பதில்லை. நாலு ஆடு, பத்துக் கோழி, வசதி இருந்தால் ஒரு கறவை மாடு. சில வீடுகளில் இவற்றோடு, சில்வர் ஓக் நிழலில், நாலு கால் தாங்கியின் மேல் ஒரு மரப்பெட்டியும் இருக்கும். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்கள் இருக்கும். மேய்க்க ஆள் கேட்காத, கட்டக் கயிறு கேட்காத ஒரே வளர்ப்பு இந்தத் தேன்பெட்டிதான்.

பெட்டியின் பூர்வீகம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. அங்கே லொரென்சோ லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் தேனீ வளர்த்துவந்தார். கூட்டுக்குள் இடுக்கு மிகக் குறுகலாக இருந்தால் தேனீ அதைப் பிசின் வைத்து அடைத்துவிடும். அகலமாக இருந்தால் அங்கே ஓர் அடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் விட்டால் மட்டும் அதை நடமாடும் வழியாக அப்படியே விட்டுவைக்கும். இதை அவர் 1851-இல் பெட்டி செய்வதில் பயன்படுத்தினார். பெட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த இடைவெளியை விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், அடையை அறுக்காமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். 1852 அக்டோபர் 5-இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் 1857-இல் ஜெர்மனியின் மேரிங் மெழுகு அடித்தாள் செய்தார். 1865-இல் ஹ்ருஷ்கா, அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கும் கருவியைக் காட்டினார். தேன் எடுப்பதென்றால் கூட்டை அழிப்பது என்றிருந்த காலம் இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் முடிந்தது.

பெட்டி இந்தியாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் முயன்று பார்த்தார்கள். தபால் தந்தித் துறையில் இருந்த டக்ளஸ் என்பவர் 1884-இல் இந்தியத் தேனீ வளர்ப்புக்கு ஒரு கையேடே எழுதினார். ஆனாலும் தொழில் வேரூன்றவில்லை. பெட்டி ஐரோப்பியத் தேனீக்காகச் செய்தது. நம்முடைய அடுக்குத் தேனீ உடலாலும் சிறிது, கூட்டத்தாலும் சிறிது. புழு இருக்கும் பகுதியைச் சுமார் 35 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டிய கூட்டத்துக்குப் பெரிய பெட்டி ஒரு சுமை. தேனீ போர்த்தாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். கூட்டமோ ஒருநாள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோகும்.

நம் மலைகளில் நான்கு வகைத் தேனீக்கள் உண்டு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயும், புதர்க் கிளையில் கையகல அடை கட்டும் கொம்புத் தேனீயும் திறந்தவெளியில் வாழ்பவை, பெட்டிக்குள் அடங்கமாட்டா. கொசுத்தேனீக்குக் கொட்டத் தெரியாது, தேனும் கொஞ்சம்தான். மரப்பொந்தில் வரிசை வரிசையாக அடை கட்டும் அடுக்குத் தேனீக்குத்தான் பெட்டியும் இன்னொரு பொந்து. பழனி மலையின் பளியர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடியைப் பிடித்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுத்தவர்கள், எந்தப் பொந்தில் எப்போது தேன் நிற்கும் என்பதையும் அறிந்தவர்கள்.

அந்தப் பொந்தின் அளவுக்குப் பெட்டியைச் சுருக்கியவர் பாதிரியார் நியூட்டன். 1910-ஐ ஒட்டி அவர் வடிவமைத்த பெட்டியில் புழு அறைக்கு ஏழு சட்டங்கள். ஒவ்வொன்றும் இருபதரை சென்டிமீட்டர் நீளம், பதினான்கு சென்டிமீட்டர் உயரம்; பரப்பில் லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் ஏறக்குறைய கால் பங்குதான். மேலே குட்டையான தேன் அறை, அதற்கு மேல் மூடி. ஊர்த் தச்சர் செய்துவிடலாம், ஒரே ஆள் தலையில் தூக்கிப் போகலாம். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்கு அவர் பயிற்சியும் கொடுத்தார். திருவிதாங்கூரில் 1917-இலும் மைசூரில் 1925-இலும் தேனீ வளர்ப்பு தொடங்கியது. நம் ஊர்த் தேனீ வளர்ப்பில் நியூட்டன் என்றால் ஆப்பிள் விழுந்த நியூட்டன் நினைவுக்கு வருவதில்லை. பெட்டியின் பெயர் மட்டும் தங்கி, ஆளை மறந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

பெட்டிக்கு நல்வாழ்வு தந்த ஊர் மார்த்தாண்டம். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம மேம்பாட்டு மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை விவசாயியின் கொல்லைப்புறத்தையே முதலாகப் பார்த்தார். கோழி முட்டையையும் தேனையும் உறுப்பினர்களிடமிருந்து சேகரித்து, தரம் பிரித்து, கூட்டாக விற்க வழி செய்தார். வார்தாவில் 1934-இல் காந்தி தொடங்கிய கிராமத் தொழில் சங்கமும் தேனீயைக் கையில் எடுத்தது. அந்தச் சங்கத்தை நடத்திய ஜே.சி.குமரப்பா, பொருளாதாரங்களை வகைப்படுத்தியபோது கூட்டுறவுக்கு உதாரணமாகத் தேனீயைத்தான் வைத்தார். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்தது மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டியில்.

பிறகு மார்த்தாண்டத்தில் ரப்பர் வந்தது. ரப்பர் மரம் தேனைப் பூவில் வைப்பதில்லை, இலைக்காம்பில் வைக்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் புதுத்தளிர் விடும்போது ஆயிரக்கணக்கான பெட்டிகள், இருட்டிய பின் வாசலை அடைத்து, லாரியில் தோட்டம் தோட்டமாகப் போகும். நியூட்டன் அளவைச் சற்றே மாற்றி 'மார்த்தாண்டம் பெட்டி' என்று ஒன்றும் பிறந்தது. இந்தியத் தர நிர்ணயப் பெட்டிக்கு வேறோர் அளவு. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சட்டம் நம் பெட்டிக்குள் இறங்காதபோது அந்த மில்லிமீட்டரின் அருமை புரியும்.

1991-92-இல் பெட்டிகள் காலியாயின. தாய்லாந்தில் முதலில் அறியப்பட்ட பைப்புழு நோயின் வைரஸ் தெற்கே இறங்கி, புழுக்களைக் கூட்டுப்புழு ஆவதற்குள் நீர்கோத்த பைகளாக்கிக் கொன்றது. குமரியிலும் கேரளத்திலும் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அந்த வெற்றிடத்துக்கு, 1960-களிலேயே பஞ்சாப், இமாசலப் பக்கம் கொண்டுவரப்பட்டிருந்த இத்தாலியத் தேனீ வந்தது. அதோடு லாங்ஸ்ட்ராத்தின் பெரிய பெட்டியும் தெற்கே வந்து சேர்ந்தது. தேன் அதிகம் தரும் தேனீதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பரந்த பூக்காடு வேண்டும். பூ ஓய்ந்தால் இடம் மாற்ற லாரி வேண்டும். அடுக்குத் தேனீ தானே பொறுக்கிக் கடித்துத் தள்ளும் வரோவா உண்ணிக்கு மருந்தும் வேண்டும். ஓர் ஏக்கர் காப்பியும் நாலு ஆடும் வைத்திருக்கும் மலைவாசிக்கு அது கட்டுப்படியாகாது. குளிரும் மூடுபனியுமான காலையில் முதலில் வெளியே கிளம்புவதும் நம் தேனீதான்.

இந்த மலையில் பெட்டியின் வேலை தேனோடு முடிவதில்லை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் தோட்டத்தில் தேனீ இருக்கிறதா என்பதே கேள்வி. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது என்பதால் தேனீயை யாரும் பொருட்படுத்தவில்லை. பனாமாவில் ஆய்வு செய்த டேவிட் ரூபிக், தேனீ வந்துபோகும் அராபிகாச் செடியில் விளைச்சல் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுவதாக 2002-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது அங்கத்து நிலவரம். தாண்டிக்குடியில் அதே கணக்கு வரும் என்று சொல்ல முடியாது. பாதி வந்தாலும், ஆண்டுக்கு ஒரு பெட்டி கொடுக்கும் சில கிலோ தேனைவிட அது பெரிய வருமானம். என்னைக் கேட்டால், காப்பிக்காரர் தேனை உபரி என்றே கணக்கெழுத வேண்டும்.

தேனுக்கும் மலையடிவாரத்திலேயே மதிப்பு உண்டு. விருப்பாச்சி வாழைப்பழத்தோடு தேனும் சேரும் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே கோடைக்கானலில் குறிஞ்சி பூத்தது 2018-இல். அடுத்த முறை 2030. அந்த ஆண்டுக்குப் பெட்டியைத் தயார் செய்ய இப்போதிருந்தே நேரம் இருக்கிறது.

பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான்கு வார்த்தை. காலிப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டுத் தேனீ வரும் என்று காத்திருக்காதீர்கள். ராணியும் புழு அடையும் உள்ள கூட்டமாக, இதே மலையில் வளர்ந்ததாக வாங்குங்கள். சட்டத்தின் அளவு பக்கத்துத் தோட்டக்காரருடையதோடு ஒத்துப்போகிறதா என்று நாடா வைத்துப் பாருங்கள். காப்பி பூத்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள். புழு அறைத் தேனில் என்றும் கைவைக்காதீர்கள். அக்டோபரிலிருந்து மார்கழி வரை மழையும் பனியும் சேர்ந்து வெளியே போகவிடாத நாட்களில் கூட்டம் அதைத் தின்றுதான் பிழைக்கிறது.