கிணற்றில் தெரிந்த சாயல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். கண்ணாடிக் கிணறு என்று அதற்குப் பெயர். வடபத்ரசாயிக்கென்று பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையைக் கோதை தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அழகு பார்த்த இடம் அது என்பது ஊரார் நம்பிக்கை. பெருமாளுக்கு உரிய மாலையும் ஒரு மானிடப் பெண்ணின் முகமும் ஒரே நீரில் சேர்ந்து தெரிந்தன என்பதுதான் கதை.

மீதிக் கதையும் நாம் அறிந்ததே. ஒரு நாள் மாலையில் ஒரு தலைமுடி இருக்கக் கண்டு ஆழ்வார் பதறிப் போனார். அந்த மாலையை ஒதுக்கிவிட்டு வேறு மாலை கொண்டுபோனார். பெருமாளோ, அவள் சூடிக் களைந்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்துதான் போகிறது.

இந்தக் கோதை துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தை. பெற்றவள் யார், என்ன குலம் என்று எந்தப் புராணமும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவளுடைய தலைமுடியைத் தீட்டு என்று கருதாமல் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று சொல்கிற ஊர் இது.

இதன் பக்கத்தில் வேறொரு தேசத்துக் கதையை வைத்துப் பார்க்கலாம். கடவுள் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்று பைபிளின் ஆதியாகமம் சொல்கிறது. ‘சாயல்’ நல்ல பழந்தமிழ்ச் சொல்; தொல்காப்பியம் அதற்கு மென்மை என்று பொருள் கூறுகிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் உள்ள ‘த்ஸெலெம்’ என்ற வார்த்தையோ, விக்கிரகத்தையும் குறிப்பது. பழைய எகிப்திலும் அஸீரியாவிலும் தெய்வத்தின் உருவம் என்ற பட்டம் அரசர்களுக்கு உரியதாக இருந்தது. துத்தன்காமுன் என்ற பெயருக்கே ‘ஆமுன் தேவனின் உயிருள்ள உருவம்’ என்றுதான் அர்த்தம். அந்தப் பட்டத்தை ஆணும் பெண்ணுமாக மனித குலம் முழுவதற்கும் தூக்கிக் கொடுத்ததுதான் ஆதியாகமம் செய்த பெரிய காரியம். கல்லில் உருவம் செய்யாதே என்று தடுத்த மதம், நீயே அந்த உருவம் என்று மனிதனிடம் சொல்லியது.

நம்மவர்கள் வேறு வழியில் வந்து அதே இடத்தைத் தொட்டார்கள். நாம் கல்லில் வடித்த உருவத்தை மனிதனைப் போலவே துயில் எழுப்புகிறோம், நீராட்டுகிறோம், உணவு ஊட்டுகிறோம். திருமூலரோ ஒரு படி மேலே போய், மனிதர்களையே நடமாடும் கோயில்கள் என்று கருதினார். அந்தக் கோயிலுக்குக் கொடுத்தால் அது பகவானுக்குச் சேரும். படத்தில் எழுதிய பகவானுக்குக் கொடுத்தாலோ நடமாடும் கோயிலுக்குச் சேராது என்பது அவர் போட்ட கணக்கு.

கொள்கைக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கோயில் வாசலில் அது என்ன பாடுபட்டது என்பதுதான் சரித்திரம்.

1897 ஜனவரியில் சிகாகோவின் புகழோடு திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. சுவாமிகளின் வண்டியைத் தாமே இழுத்த பக்திமான் அவர். ஏழையிடமும் பலவீனனிடமும் சிவனைக் காண்பதே உண்மையான சிவபூஜை என்று ராமேசுவரம் கோயிலில் சுவாமிகள் பேசினார். அதே ஆண்டு மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அதன்மேல் கோயில் தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குத் தொடர்ந்தவரும் பாஸ்கர சேதுபதிதான். அவர் கல்நெஞ்சரல்லர். ஆனாலும் நெஞ்சில் பதிந்த உபதேசத்தைவிட வழக்கம் வலியதாக இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரைக்கும் போயிற்று. நாடார்களுக்கு உள்ளே போக உரிமை இல்லை என்று 1908-ல் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 1899 ஜூன் மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதிக தூரமில்லாத சிவகாசியில், கோயில் நுழைவுத் தகராறு முற்றிக் கலவரமாயிற்று. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

தேவசாயலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்களாவது வேறு மாதிரி நடந்தார்களா என்றால், அதுவும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ல் கட்டிய மாதா கோயிலுக்கு இரண்டு கைகள். வேளாளர் ஒரு கையிலும் நாடார் மறு கையிலும் இருந்து, ஒருவரையொருவர் பாராமல் ஒரே பலிபீடத்தைப் பார்த்துத் தொழுதார்கள். நடுவில் சுவர்! 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். வேளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1916-ல் சென்னை ஹைகோர்ட்டு அவர்களுடைய கோரிக்கையை ஒப்புக்கொள்ளவில்லை. வேதத்தில் எழுதியிருந்தும், சுவர் தானாக விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடப்பாரை எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மதுரையில் அப்படி ஓர் ஆள் வைத்தியநாதய்யர். 1939 ஜூலை 8-ஆம் தேதி ஹரிஜனத் தொண்டர்கள் சிலரையும் நாடார் பிரமுகர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குப் போனார். உடன் சென்றவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை ராஜ்யத்தில் மந்திரியாக விளங்கிய கக்கன். பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். ஊர் இரண்டுபட்டது. நுழைந்தவர்களையும் நுழையவிட்டவர்களையும் வழக்கிலிருந்து காக்க ராஜாஜி சர்க்கார் அதே ஆண்டில் சட்டம் செய்தது. 1947-ல் ஓமந்தூரார் காலத்து ஆலயப் பிரவேசச் சட்டம் ராஜதானியின் கோயில்களை ஹிந்துக்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுர வாசலும் அதற்கு அடக்கம். லண்டனில் எழுதிய தீர்ப்பு செல்லாக் காசாவதற்கு 39 ஆண்டுகள் பிடித்தன.

இதெல்லாம் பாட்டன் காலத்துச் சமாசாரம் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். 2023-ல் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி கிராமத்தில், தலித் மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். மனிதர்கள் சேர்ந்து நிற்கச் சம்மதிக்காததால் அம்மன் தனியாக நின்றாள்.

மனிதன் கடவுளின் சாயல் என்பதற்கு வேதாந்திகள் பல விளக்கங்கள் சொல்லுவார்கள். அறிவுதான் அந்தச் சாயல் என்பார்கள்; ஆத்மா என்பார்கள்; அன்பு என்பார்கள். எல்லாம் சரியாகவே இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்தச் சாயல் நம் முகத்தில் இருக்கிறது என்று நம்புவது சுலபம். யாருக்கும் அதில் கஷ்டமில்லை. நாம் விலக்கி நிறுத்தும் மனிதனுடைய முகத்தில் அது இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில்தான் சோதனை. கமுதியும் வடக்கன்குளமும் தோற்றது அந்தச் சோதனையில்.

பெரியாழ்வாரும் முதலில் தயங்கியவர்தாம். ஆனால் பெருமாளின் மனசு தெரிந்த பிறகு அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை, பழைய வழக்கம் என்று வாதாடவில்லை. மறுநாள் முதல் மகள் சூடிய மாலையையே சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.