கரைக்கு வராத கப்பல்களும் ஒரு டார்ச் வெளிச்சமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆணி கொஞ்சம் அதிகம். போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ 'கப்பல்'னு ஒரு ஃபோல்டர் மாட்டுச்சு. உள்ளே 412 படம். எல்லாமே 2020-ல எடுத்தது. அழிச்சிடலாம்னு கை போச்சு, மனசு வரலை. அதனால இன்னைக்கு ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். நடுவுல கொஞ்சம் வரலாறும் வரும், பொறுத்துக்குங்க :-)

2020 ஜனவரியில ஆறு மாச புராஜெக்ட்னு சொல்லி என்னை இங்கிலாந்தோட தெற்குக் கரையில இருக்கிற போர்ன்மத் ஊருக்கு அனுப்பினாங்க. பொட்டி தட்டுற வேலைதான். குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கி, ரசப்பொடி தீர்ந்து, ஊர் கொஞ்சம் பழகுறதுக்குள்ள மார்ச் 23 வந்துடுச்சு. நாடு முழுக்க ஊரடங்கு. ஒரு ரூம், ஒரு லேப்டாப், ஒரு ஜன்னல். உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம்ங்கிறதால தினமும் சாயங்காலம் கடலோரப் பாறை மேட்டுக்கு நடப்பேன். கையில செகண்ட் ஹேண்டுல வாங்கின கேமரா, 70-300 லென்ஸ்.

அங்கேதான் அந்தக் கப்பல்களைப் பார்த்தேன். முதல்ல ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எண்ணிக்கையே விட்டுப்போச்சு. சரக்குக் கப்பல் இல்லைங்க, எல்லாமே உல்லாசக் கப்பல். பத்துப் பதினஞ்சு மாடிக் கட்டடத்தைப் படுக்கப் போட்ட மாதிரி வெள்ளை வெளேர்னு நிக்குது. போர்ன்மத்ல இருந்து மேற்கே வேமத் வரைக்கும் அந்தக் கரை நெடுக அந்தக் கோடையில வந்து நின்னதுல குயீன் மேரி 2 உண்டு, ஆர்கேடியா, அரோரா உண்டு, 362 மீட்டர் நீளமுள்ள அல்யூர் ஆஃப் த சீஸும் உண்டு. ஐயாயிரம் பயணிகளுக்கு மேல ஏத்துற கப்பல்ல ஒரு பயணி கூடக் கிடையாது.

ஏன் அங்கே வந்து நின்னுச்சு? 2020 பிப்ரவரி ஆரம்பத்துல ஜப்பானோட யோகோஹாமாவுல டைமண்ட் பிரின்சஸைத் தனிமைப்படுத்தினது ஞாபகம் இருக்கும். உள்ளே 3,711 பேர். அதுல 712 பேருக்குத் தொற்று. இந்தியர்கள் 138 பேர், அதுல 132 பேர் கப்பல் ஊழியர்கள். இந்த எண்ணிக்கையை மட்டும் மனசுல வச்சுக்குங்க, அப்புறம் வர்றேன். மார்ச் 19-ல ரூபி பிரின்சஸ் சிட்னியில கிட்டத்தட்ட 2,700 பயணிகளை இறக்கி விட்டுச்சு. அந்தக் கப்பலோட தொடர்புடைய சாவு மட்டும் 28. அதுக்கு முன்னாடியே, மார்ச் 14-ல, அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கப்பல் ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டுடுச்சு. கம்பெனிகளும் ஒண்ணொண்ணா நிறுத்திட்டாங்க. உலகத்துல இருக்கிற உல்லாசக் கப்பல் அத்தனையும் ஒரே நேரத்துல வேலையில்லாம நின்னுச்சு.

பஸ்ஸுக்கு டெப்போ இருக்கு. கப்பலுக்கு? எல்லாக் கப்பலும் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்ங்கிற கணக்குலதான் துறைமுகத்தையே கட்டியிருக்காங்க. அத்தனையையும் ஒரே நேரத்துல கட்டி வைக்க இடமும் கிடையாது, கட்டினாலும் வாடகை எகிறும். அதனால சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குப் பக்கத்துல, காத்துக்கு மறைவா ஒரு இடம் தேவைப்பட்டுச்சு. வேமத் விரிகுடாவுக்கு மேற்குலயும் தென்மேற்குலயும் இருந்து வர்ற காத்தை போர்ட்லேண்ட் தீவு தடுக்குது. நங்கூரம் போட நல்ல இடம். மேற்கே டெவன் கரையில டார்பேயும் இப்படித்தான்.

கப்பலை நிறுத்தி வைக்கிறதுலயும் வகை உண்டு. 'ஹாட் லே-அப்'னா எஞ்சின், ஏசி எல்லாம் ஓடும், ஆள் இருப்பாங்க, சில நாள்லயே பயணத்துக்குத் தயார் பண்ணிடலாம். நம்ம பாஷையில லேப்டாப்பை ஸ்லீப்ல போடுறது. 'கோல்டு லே-அப்'னா பிளக்கையே பிடுங்கிடுறது, திரும்ப உயிர் கொடுக்க மாசக் கணக்கா ஆகும். நான் பார்த்ததெல்லாம் முதல் வகை. ஆயிரத்துக்கு மேல ஊழியர்கள் இருக்க வேண்டிய கப்பல்ல நூறு பேர் அளவுல இருந்தாங்க.

படம் எடுக்கிறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. கடற்கரையில நிக்கிற ஒரு ஆளுக்கு அடிவானம் சுமார் 4.5 கிலோமீட்டர்லயே முடிஞ்சிடும். 30 மீட்டர் பாறை மேல ஏறினா 19, 20 கிலோமீட்டர் வரைக்கும் கடல் தெரியும். அதனால 15 கிலோமீட்டர் தள்ளி நிக்கிற கப்பலை மணல்ல நின்னு எடுத்தா அடியில எட்டு ஒன்பது மீட்டர் கடலுக்குள்ள முழுகின மாதிரி வரும். பூமி உருண்டைங்கிறதுக்கு இதைவிட மலிவான நிரூபணம் கிடையாது. மத்தியானம் எடுத்தா வெப்பக் காத்து படத்தைக் கலைச்சிடும், விடியற்காலைதான் தோது. எது எந்தக் கப்பல்னு பார்க்க போன்ல ஏஐஎஸ் ஆப் போதும். பயணிகள் கப்பல் எல்லாமே தன் பேரையும் இடத்தையும் ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கணும்ங்கிறது 2004 கடைசியில இருந்து கட்டாயம். நங்கூரம் போட்ட கப்பல் ஆணி அடிச்ச மாதிரி நிக்காதுங்கிறதையும் அந்த ஆப்லதான் கத்துக்கிட்டேன். அலையேற்றமும் காத்தும் மாற மாற, கயித்துல கட்டின மாடு மாதிரி நங்கூரத்தைச் சுத்தி வரும். ஒரு நாள் தடத்தைப் பார்த்தா பாதி வட்டம் வரைஞ்சு வச்சிருக்கும்.

என் படங்கள்லயே எனக்குப் பிடிச்சது ஜூன் 25-ல எடுத்தது. அன்னைக்குச் சரியான வெயில். போர்ன்மத் கடற்கரைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துட்டு நகராட்சி 'பெரும் அசம்பாவித நிலை'ன்னே அறிவிச்சுது. என் படத்துல முன்னாடி மணல் தெரியாத அளவுக்கு ஜனம், பின்னாடி ஆளே இல்லாத மாதிரி கப்பல்கள். ஆகஸ்ட்ல பக்கத்து ஊரான மட்ஃபோர்டுல இருந்து ஒரு படகுக்காரர் இந்தக் கப்பல்களைச் சுத்திக் காட்ட டிக்கெட் போட்டு 'பேய்க் கப்பல்' சுற்றுலாவே நடத்தினார். கூட்டம் அள்ளுச்சு.

இப்போ வரலாறு. ஒரு ஞாயித்துக்கிழமை வேமத்துக்குப் போயிருந்தேன். பழைய துறைமுகத்து ஓரமா ஒரு கட்டடச் சுவர்ல சின்னதா ஒரு பலகை. 1348-ல இங்கிலாந்துக்குள்ள கருப்புச் சாவு நுழைஞ்சது இந்தத் துறைமுகம் வழியாத்தான்னு எழுதியிருக்கு. அப்போ இந்த இடத்துக்கு மெல்கம்ப் ரீஜிஸ்னு பேரு. பிரான்சோட கேஸ்கனி பக்கத்துல இருந்து கப்பல்ல வந்த மாலுமி மூலமா கொள்ளை நோய் இறங்குச்சுன்னு ஒரு பாதிரியார் குறிப்பு எழுதி வச்சிருக்கார். அடுத்த ரெண்டு வருஷத்துல நாட்டு ஜனத்தொகையில மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் போயிடுச்சுன்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. 1348-ல எந்தத் தண்ணியில வந்த கப்பலை யாரும் தடுக்கலையோ, 672 வருஷம் கழிச்சு அதே தண்ணியிலதான் கரைக்கு வரக் கூடாதுன்னு கப்பல்கள் நின்னுச்சு. பலகையையும் கப்பலையும் ஒரே ஃபிரேம்ல கொண்டு வரப் பார்த்தேன், முடியலை.

அந்தச் சாவுக்கு அப்புறம்தான் கப்பலைக் கடல்லயே நிறுத்தி வைக்கிற பழக்கம் சட்டமாச்சு. 1377-ல ரகூசா, அதாவது இன்னைக்கு குரோஷியாவுல இருக்கிற டுப்ரோவ்னிக், நோய் இருக்கிற ஊர்ல இருந்து வர்றவங்க 30 நாள் வெளியவே இருக்கணும்னு விதி போட்டுச்சு. பின்னாடி அது 40 நாளாச்சு. 'குவாரண்டீன்'ங்கிற பேரே இத்தாலியக்காரங்க நாற்பதுக்குச் சொல்ற வார்த்தையில இருந்து வந்ததுதான். 1423-ல வெனிஸ் ஒரு தனித்தீவுல இதுக்குன்னு ஆஸ்பத்திரியே கட்டுச்சு. ஒரு காலத்துல மஞ்சக் கொடி பறந்தா உள்ளே நோய்னு அர்த்தம். இன்னைக்கு அதே மஞ்சக் கொடிக்கு 'எங்க கப்பல்ல எல்லாரும் நலம், உள்ளே வர அனுமதி கொடுங்க'ன்னு நேர் எதிர் அர்த்தம்.

இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சதுல ஒண்ணு உறைச்சுது. ஊருக்கு ஆபத்துன்னு கப்பலை நிறுத்தினவங்களைப் பத்தி எழுத்து இருக்கு. அந்த நாற்பது நாளும் கப்பலுக்குள்ள இருந்தவங்க எழுதி வச்சதைத் தேடினா ரொம்பக் கம்மி.

என் ஃபோல்டரும் அப்படித்தான். 412 படத்துல ஒண்ணுல கூட கப்பல்ல இருக்கிற ஒரு மனுஷன் கிடையாது.

ஆனா ஒரு ஆளை எனக்குத் தெரியும். எங்க பெரியம்மா வீடு தூத்துக்குடி. அவங்க பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் அங்கே நின்ன கப்பல் ஒண்ணுல எஞ்சின் ரூம்ல வேலை பார்த்தார். ஜூலை மாசம் பெரியம்மா மூலமா நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். "தம்பி, நீ போர்ன்மத்லயாமே? நான் உனக்கு நேரா தண்ணியிலதான் கெடக்கேன் பாத்துக்க."

அவர் கப்பல் ஏறி அப்போ பத்து மாசம் ஆகியிருந்துச்சு. தொடர்ந்து 11 மாசத்துக்கு மேல ஒருத்தரைக் கப்பல்ல வச்சிருக்கக் கூடாதுங்கிறது சர்வதேச விதி. ஆனா விமானம் இல்லை, நாட்டுக்கு நாடு தடை, இறங்க விடுறதில்லை. அந்த வருஷக் கடைசியில உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் கப்பல் தொழிலாளர்கள் வேலைக்காலம் முடிஞ்சும் இறங்க முடியாம மாட்டியிருந்தாங்கன்னு சர்வதேச கடல்சார் அமைப்பு சொல்லுச்சு. மணிலா விரிகுடாவுல மே மாசம் இருபதுக்கு மேல உல்லாசக் கப்பல்கள் நின்னுச்சு, சொந்த ஊர் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் பரிசோதனை முடிவுக்காகக் காத்துக் கிடந்தாங்க. அந்தப் படங்களும் உலகமெல்லாம் சுத்துச்சு. "அழகா இருக்கு"ன்னுதான் நானும் பார்த்தேன்.

அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "இந்தக் கப்பலுக்குள்ளேயே கெடந்து, வெளிய இருந்து எப்படி இருக்குன்னே மறந்து போச்சு. ஒரு போட்டோ எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்புதியா? கரை பக்கத்துலதான் இருக்கேன்னு சொன்னா அது நம்ப மாட்டேங்கி."

எடுத்து அனுப்பினேன். அம்மா அதை பிரிண்ட் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சாங்கன்னு பெரியம்மா சொன்னாங்க.

ஆகஸ்ட்ல ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டார். "தம்பி, பாறை மேல வந்து நில்லு. டார்ச்ச மூணு தடவ அடிக்கேன். தெரியுதா பாரு." ஓடிப்போய் நின்னேன். கப்பல் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. எல்லாக் கப்பலும் திருவிழா மாதிரி ஜொலிக்குது. அது அழகுக்காகப் போடுற விளக்கு இல்லைங்க. 100 மீட்டருக்கு மேல நீளமுள்ள கப்பல் நங்கூரத்துல நின்னா ராத்திரி மேல்தளத்துல விளக்கெரிஞ்சே ஆகணும்னு கடல் விதி. அந்த ஆயிரம் விளக்குக்கு நடுவுல ஒரு டார்ச்சை எங்கே தேடுறது?

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே. மூணு தடவை."

பொய்தான். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

நவம்பர்ல அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். கப்பல்களும் அப்புறம் கலைஞ்சு போச்சு. அந்த வருஷம் உலகத்துல வேலையில்லாம நின்ன கப்பல்கள்ல சிலதுக்கு நங்கூரம் எடுத்ததே கடைசிப் பயணமாச்சு. 1990-ல ஓட ஆரம்பிச்ச கார்னிவல் ஃபேன்டசியை 2020 கோடையிலேயே துருக்கியோட அலியாகாவுல உடைக்க ஆரம்பிச்சாங்க. 1965-ல கட்டின மார்க்கோ போலோ 2021 ஜனவரியில குஜராத்தோட ஆலங் கரையில ஏறுச்சு. 2021 மே மாசத்துல இருந்து சவுத்தாம்ப்டன்ல உல்லாசக் கப்பல்கள் மெல்ல மெல்லத் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. இப்போ அந்தக் கரையில அப்படி ஒரு வரிசை நின்னதுக்கு அடையாளமே இல்லை.

போன பொங்கலுக்குத் தூத்துக்குடி போனப்போ அண்ணனும் லீவுல இருந்தார். டீக்கடையில வச்சு உண்மையைச் சொல்லிட்டேன். "அண்ணே, அன்னைக்கு டார்ச் எனக்குத் தெரியவே இல்ல."

அவர் டீயை ஆத்திக்கிட்டே சிரிச்சார். "எனக்குத் தெரியும்ல. நான் மேல வாரதுக்குள்ள அலை மாறி கப்பல் திரும்பிட்டு. எங்களுக்கு நிக்க விட்ட பக்கம் நடுக்கடலப் பாத்துல இருந்துச்சு. ஊரு லைட்டு ஒண்ணு கூட கண்ணுல படல. சும்மா கடலுக்குத்தான் அடிச்சேன். நீ தெரியுதுன்ன. சரி, இருக்கட்டும்னு போய்ப் படுத்துட்டேன். அன்னைக்கு நல்லா தூங்குனேன் தம்பி."

அந்த ஃபோல்டரை அழிக்கலை. அந்த ராத்திரி எடுத்த படத்தை மட்டும் தனியா எடுத்து, கீழே அவர் எந்தத் தளத்துல, எந்தப் பக்கம் பார்த்து நின்னார்னு ரெண்டு வரி எழுதி வச்சிருக்கேன். படத்துல அது தெரியாது, எழுதினாத்தான் உண்டு.

உங்க சொந்தத்துலயோ தெருவுலயோ அந்த வருஷம் கப்பல்ல மாட்டினவங்க யாராவது இருந்தா ஒரு தடவை உட்கார வச்சுக் கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க, முடிஞ்சா இங்கேயும் சொல்லுங்க.

பி.கு.: டார்ச் இன்னமும் அவர்கிட்ட இருக்காம். அடுத்த கப்பலுக்கும் அதையேதான் எடுத்துட்டுப் போறாராம் :-)