புதுச்சேரியில் மைலும் கிலோமீட்டரும்

இந்திய விடுதலைக்கு முன் தென்னிந்தியாவில் தூரத்தை அளக்க இரு ஐரோப்பிய முறைகள் அருகருகே வழங்கின. சென்னை மாகாணத்தில் மைலும் பர்லாங்கும் வழங்க, பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் மீட்டர், கிலோமீட்டர் முறையைச் சார்ந்திருந்தது. இவ்வேறுபாடு மோட்டார் வாகனங்களின் தூரமானியிலும் (ஓடோமீட்டர்) வெளிப்பட்டது.

இரு அளவைகள்

மீட்டர் முறையைப் பிரான்சு 1795இல் சட்டமாக்கியது. 1840 சனவரி 1 முதல் அது அந்நாட்டில் கட்டாயமானது. ஆங்கிலேயரின் ஒரு மைல் 8 பர்லாங்கு, அதாவது 1,760 கெசம். இன்றைய கணக்கில் ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர்.

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக அமையவில்லை. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் முதலிய பகுதிகளுக்கு இடையிடையே ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்ட நிலம் இருந்தது. எனவே சிறு பயணத்திலும் எல்லையைக் கடக்க நேரும். எல்லையோடு அளவையும் மாறும்.

தூரமானி இயங்கும் விதம்

பழைய கார்களில் கியர்பெட்டியிலிருந்து ஒரு கம்பிவடம் சுழன்று வந்து தூரமானியின் பற்சக்கரங்களைத் திருப்பும். 0 முதல் 9 வரை எண்கள் பொறித்த சக்கரம் ஒரு சுற்று முடித்ததும், அடுத்த சக்கரத்தை ஓர் எண் நகர்த்தும்.

எம்.ஜி. போன்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களின் மானி முகப்பில் சிறிய எண் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதுண்டு. மைல் மானியில் 1000 என்றிருந்தால், கம்பிவடம் 1,000 முறை சுழன்றால் ஒரு மைல் என்பது பொருள். அதே காரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 621 சுழற்சிகளே ஆகும். ஆகவே முகப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதாது. பற்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டும். தகட்டை மட்டும் மாற்றினால், 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி 62 என்றே காட்டும்.

இன்றைய மின்னணு மானிகள் பலவற்றில் அமைப்புப் பட்டியலிலேயே அலகை மாற்றலாம். ஓடிய தூரம் மாறாது. காட்டும் எண் மட்டுமே மாறும். சில கார்களில் வேகமானி மட்டும் மாறும். தூரமானி பழைய அலகிலேயே நிற்கும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே முறை

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் இந்திய நாடாளுமன்றம் எடை, அளவைச் சட்டத்தை நிறைவேற்றி மீட்டர் முறையை ஏற்றது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா நாணயம் புழக்கத்துக்கு வந்தது. 1958 அக்டோபரில் புதிய எடைகள் படிப்படியாக அறிமுகமாயின. 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, அதனைச் சூழ்ந்த பகுதிகளும் மீட்டர் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. பொதுவாகச் சிறிய பகுதியே பெரிய நாட்டின் வழக்கத்துக்கு மாறும். அளவையைப் பொறுத்தவரை, பெரிய நாடே புதுச்சேரியில் முன்பே இருந்த முறைக்கு வந்து சேர்ந்தது.

அலகின் முக்கியத்துவம்

இறக்குமதி செய்த பழைய கார் ஒன்றின் மானி 50,000 என்று காட்டுவதாகக் கொள்வோம். அது மைலானால் வண்டி உண்மையில் ஓடியது 80,467 கிலோமீட்டர். அலகைக் கேளாமல் வாங்குபவர், முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேய்மானத்தை அறியாமலே விலை கொடுக்கிறார். எனவே மானியை மாற்றும்போது மாற்றிய நாள், அன்றைய பழைய எண், அதன் அலகு ஆகிய மூன்றையும் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைப்பது நேர்மையான வழக்கம்.

மைல் சாலைகளிலிருந்து நீங்கினாலும் பேச்சிலிருந்து நீங்கவில்லை. கிலோமீட்டரைக் காட்டும் கல்லும் இன்று 'மைல்கல்' என்றே வழங்குகிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்குக்கும் 'மைலேஜ்' என்பதே பெயர்.