59 தொகுதிகள், மூன்று கூட்டணிகள்: பேரா மாநிலத் தேர்தல் வரலாறு

பேரா சட்டமன்றத்தில் 59 தொகுதிகள். ஆட்சி அமைக்க 30 வேண்டும். கடந்த நான்கு பொதுத்தேர்தல்களில் ஒரே ஒரு முறைதான் ஒரு கட்சி தனித்து இந்த எண்ணிக்கையைத் தொட்டது. இரண்டு தேர்தல்களில் எந்தக் கூட்டணிக்கும்கூட அது கிடைக்கவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2004-ல் தேசிய முன்னணி 52 இடங்களை வென்றது. ஜ.செ.க.வுக்கு 7. நான்கே ஆண்டுகளில் அந்த 52, 28 ஆனது.

ஆனால், பேராவின் ஊசலாட்டம் 2008-ல்தான் தொடங்கியது என்று நினைப்பது தவறு. 1969 தேர்தலில் 40 இடங்கள் இருந்த சட்டமன்றத்தில் ஆளும் கூட்டணிக்கு 19 மட்டுமே கிடைத்தது. ஈப்போவில் வேரூன்றியிருந்த மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது பி.பி.பி., 12 இடங்களைப் பிடித்தது. இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்த கட்சி அது. வழக்கறிஞர்களான இருவரும் தமிழர், சீனர் என்று பாராமல் ஈப்போ மக்களுக்காக வாதாடிப் பெயர் எடுத்தவர்கள். தம்பி டி.ஆர். சீனிவாசகம் 1969 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு காலமானார். பின்னர் அந்தக் கட்சி தேசிய முன்னணியில் இணைந்து, 1974 தேர்தலில் தன் கோட்டையிலேயே சரிந்தது.

2008: பதினோரு மாத ஆட்சி

2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தல் 2008 மார்ச்சில் வந்தது. பேராவில் ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6 என எதிரணி 31 இடங்களை வென்றது. பாஸ் கட்சியின் முகமட் நிஜார் ஜமாலுடின் மந்திரி புசார் ஆனார். துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகர் ஆனார். இந்நாட்டில் சட்டமன்றம் ஒன்றுக்குச் சபாநாயகரான முதல் இந்தியர் அவர்.

2009 பிப்ரவரியில் ஜெலாப்பாங், பேராங், சங்காட் ஜெரிங் ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்கள் எதிரணியை விட்டு விலகி, சுயேச்சைகளாகத் தேசிய முன்னணியை ஆதரித்தனர். 28-க்கு 28, நடுவில் மூவர். சட்டமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்ற நிஜாரின் கோரிக்கையைச் சுல்தான் ஏற்கவில்லை. பிப்ரவரி 6-ல் டாக்டர் ஜம்ரி அப்துல் காடிர் மந்திரி புசாராகப் பதவியேற்றார். மண்டபக் கதவு அடைக்கப்பட்டதால் மார்ச் 3-ல் ஒரு மரத்தடியில் சட்டமன்றம் கூடியது. மே 7-ல் சிவகுமார் சபாநாயகர் நாற்காலியிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார். அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டவரும் இந்தியரே, ம.இ.கா.வின் ஆர். கணேசன். அன்று அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு இது இன்னும் கசப்பாகவே இருக்கிறது. 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஜம்ரியே சட்டப்படியான மந்திரி புசார் என்று தீர்ப்பளித்தது.

2013-ல் எண்கள் அப்படியே திரும்பின. தேசிய முன்னணி 31, எதிரணி 28. ஆனால், மாநிலம் முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் எதிரணிதான் முன்னிலை. தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கை ஏறுமாறாக இருப்பதன் விளைவு இது.

2018-ல் நம்பிக்கைக் கூட்டணிக்கு 29, தேசிய முன்னணிக்கு 27, பாஸுக்கு 3. ஒரு இடம் குறைந்த நிலையில், தேசிய முன்னணி உறுப்பினர் இருவரின் ஆதரவோடு பெர்சத்துவின் அகமட் ஃபைசால் அசுமு மந்திரி புசார் ஆனார். 2020 மார்ச்சில் அவர் அணி மாறினார், பதவி மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 4-ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 10, எதிர்ப்பு 48. அம்னோவின் சாரானி முகமட் அடுத்து வந்தார்.

2022-ல் பெரிக்காத்தான் நேஷனல் 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9. பல ஆண்டுகள் மோதிக்கொண்ட பின்னிரண்டும் கைகோத்தன. சாரானியே தொடர்ந்தார்.

இந்த நான்கு தேர்தல்களிலும் ஜ.செ.க. வென்றது சரியாக 18 இடங்கள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருந்தும் அக்கட்சி அங்கம் வகித்த ஒவ்வோர் ஆட்சியிலும் தன்னைவிடச் சிறிய பங்காளியிடமே மந்திரி புசார் பதவி சென்றது. மந்திரி புசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பின் பொது விதி. ஆகவே, பேராவில் யார் அதிக இடம் வென்றார் என்பதைவிட, யாருக்கு யார் தேவை என்பதே ஆட்சியைத் தீர்மானிக்கிறது.

நம்மவர் தொகுதிகள்

சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியைச் சொல்லாமல் பேராவைப் பற்றிப் பேச முடியாது. 1959 முதல் துன் வீ.தி. சம்பந்தன், 1974 முதல் டத்தோஸ்ரீ சாமிவேலு என ம.இ.கா. தலைவர்களின் தொகுதியாகவே அது இருந்தது. எட்டு முறை வென்ற சாமிவேலு, 2008-ல் 1,821 வாக்குகளில் டாக்டர் ஜெயகுமாரிடம் தோற்றார். மலேசிய சோசலிசக் கட்சிக்காரரான ஜெயகுமார் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றவர். 2018-ல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையையும் இழந்தார். அந்த ஊரில் அவருடைய உழைப்பை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சின்னத்தின் பலம் அப்படி. அப்போது வென்ற பி.கே.ஆரின் எஸ். கேசவன், 2022-ல் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனை 1,846 வாக்குகளில் வென்றார். ம.இ.கா.வுக்கு நாடு முழுவதும் எஞ்சிய ஒரே நாடாளுமன்றத் தொகுதி தாப்பா. அதுவும் பேராவில்தான். அங்கே 2018-ல் டத்தோஸ்ரீ சரவணன் வென்றது வெறும் 614 வாக்குகளில்.

சட்டமன்றத்தில் இந்திய வாக்காளர் விழுக்காடு மிக அதிகமுள்ள தொகுதி, கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன புந்தோங். மூன்று தவணை ஜ.செ.க. சார்பில் வென்ற ஏ. சிவசுப்பிரமணியம் 2020-ல் கட்சியை விட்டு விலகினார். 2022-ல் அங்கே ஜ.செ.க.வின் துல்சி திவானி மனோகரன் வென்றார். சுங்கை தொகுதியை 2008 முதல் ஏ. சிவநேசன் வைத்திருக்கிறார்.

பேரா மக்களில் இந்தியர் ஏறக்குறைய 12 விழுக்காடு. 614, 1,821, 1,846 என்ற பெரும்பான்மைகளோடு இதை வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். 2014 தெலுக் இந்தான் இடைத்தேர்தலில் வெற்றி வித்தியாசம் 238 மட்டுமே. இரண்டு தோட்டங்களின் லயங்கள் போதும்.

ஆனால், அந்த லயங்களில் இப்போது பாதிப் பேர் இல்லை. பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பினாங்கிலும் வேலை பார்க்கிறார்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தவர்கள், அடையாள அட்டை முகவரிப்படி தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடே இல்லாமல் போயிருந்தாலும், அட்டையில் பழைய முகவரி இருந்தால் வாக்கு அங்கேதான். ஊருக்குப் போய் வாக்களிப்பதா, தொகுதியை மாற்றிக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். மாற்ற நினைப்பவர்கள் முதலில் தேசியப் பதிவுத் துறையில் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பயனில்லை, அந்தத் தேர்தலுக்குப் பழைய தொகுதிதான்.