கூட வந்தவள்

1946 ஏப்ரல். ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் இடிந்த சுவர். அந்த ஊருக்கு வந்த ராணுவக் கப்பலிலிருந்து இறங்கியது சிப்பாய்கள் அல்ல, அவர்களுடைய பெண்டாட்டிகளும் குழந்தைகளும்.

தோற்ற நாட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் வீரர்களுக்குக் குடும்பம் பக்கத்தில் இருந்தால் மனசு நிலைக்கும் என்பது ராணுவத்தின் கணக்கு. சரியான கணக்குதான். வீடு கொடுத்தார்கள். அமெரிக்க சாமான் கிடைக்கும் கடை, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் உண்டு. இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு காகிதம். அதில் இருந்தது புருஷனின் பெயர். ராணுவ பாஷையில் அவள் ஒரு 'டிபெண்டென்ட்'. அதாவது, சார்ந்திருப்பவள்.

கல்யாணம் ஒழுங்காக ஓடும்வரை இதில் சிக்கல் ஏதுமில்லை. முறியும்போதுதான் இருக்கிறது விஷயம்.

அந்தப் பெண்களைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இரண்டு கொலை வழக்குகள் சாட்சி. 1952-ல் டோக்கியோவில் டோரதி ஸ்மித் என்பவர் தன் கணவரைக் கொன்றார். கணவர் ராணுவ கர்னல். அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் கிளாரிஸ் கோவர்ட், விமானப்படை சார்ஜென்ட்டான தன் கணவரைக் கொன்றார். இரண்டு பேருமே சிவிலியன்கள். ஆனால் விசாரித்தது ராணுவ நீதிமன்றம். ஜூரி கிடையாது. ஏனாம்? வெளிநாட்டில் 'படையோடு கூட வந்தவர்கள்' எல்லோரும் ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாம். இருவருக்கும் ஆயுள் தண்டனை. 1956-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இது சரிதான் என்றது. மறு வருடமே அதே வழக்குகளைத் திரும்ப எடுத்து, தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. சிப்பாயின் மனைவி சிப்பாய் அல்ல என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கண்டுபிடிக்க 1957 ஜூன் வரை ஆகியிருக்கிறது!

அடுத்தது இன்னும் விசேஷம். காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம். 1960-ல் அமெரிக்காவின் தங்கம் வேகமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளிநாடுகளில் செலவாகும் டாலரைக் குறைக்கவேண்டும். எங்கே கை வைப்பது? அந்த நவம்பரில் ஜனாதிபதி ஐசனோவர் உத்தரவு போட்டார். வெளிநாட்டில் இருக்கும் ராணுவக் குடும்பத்தினர் நாலு லட்சத்துக்கும் மேல். அதை மாதம் 15,000 பேர் வீதம் குறைத்து 2 லட்சத்தில் நிறுத்து! பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் சிகரெட்டுக்கு வரி போடுவார்கள். இவர் பெண்டாட்டிகளைக் குறைக்கச் சொன்னார். இத்தனைக்கும் யுத்த காலத்தில் அவரும் மனைவி மேமியும் ஆளுக்கொரு கண்டத்தில் வருடக்கணக்காகப் பிரிந்து கிடந்தவர்கள். ராணுவத்தில் ஒரே முணுமுணுப்பு. கென்னடி பதவிக்கு வந்த சில நாட்களில், 1961 பிப்ரவரியில், உத்தரவை ரத்து செய்தார். நிம்மதி நீடிக்கவில்லை. அதே வருடம் பெர்லின் விவகாரம் முற்றியது. ஐரோப்பாவுக்குக் குடும்பங்கள் கிளம்புவதை மறுபடி நிறுத்திவைத்தார்கள்.

இது சர்க்கார் பிரித்து வைத்த கதை. தம்பதி தாங்களாகவே பிரிந்தால்?

உள்ளூரில் சண்டை போட்டால் அம்மா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கலாம். இவளுக்கு அம்மா வீடு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். குடியிருக்கும் வீடு கணவனின் வேலைக்காகக் கொடுத்தது. ஊருக்குத் திரும்ப ராணுவமே டிக்கெட் எடுத்துத் தரும், சாமான்களையும் அனுப்பிவைக்கும். ஆனால் அந்த மனு பொதுவாகக் கணவன் வழியாகத்தான் நகரவேண்டும். அவன் முறைத்துக்கொண்டால் அவனுடைய மேலதிகாரியிடம் போய் நிற்கவேண்டும். கணவனின் முதலாளியிடம் குடும்பக் கதையைச் சொல்லி அழுவது எவ்வளவு கொடுமை! யார் துணையும் வேண்டாமென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினாலும் ஆபத்து. குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, 1980-ம் வருட ஹேக் ஒப்பந்தத்தின்படி அவன் மனு போடலாம்.

சரி, அங்கேயே விவாகரத்து வாங்கினால்? ஜெர்மன் சட்டப்படி பொதுவாக ஒரு வருடம் பிரிந்திருக்கவேண்டும். ஒரே வீட்டில் இருந்தபடியேகூடப் பிரியலாம். படுக்கை தனி, சாப்பாடு தனி என்று இருந்தால் போதும். தீர்ப்பு வந்ததும் அவள் 'டிபெண்டென்ட்' இல்லை. ராணுவ ஒப்பந்தம் தந்த தங்கும் உரிமை போச்சு. அப்புறம் அந்த நாட்டு விசாவுக்கு அவளே வழி பார்க்கவேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய அடி, பணத்தில் விழுந்தது. ராணுவக்காரனின் மனைவி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டை மூட்டை கட்டுகிறவள். எந்த ஊரில் அவளை நம்பி நிரந்தர வேலை கொடுப்பார்கள்? குடும்பத்தின் உருப்படியான சொத்து என்று கடைசியில் மிஞ்சுவது அவனுடைய பென்ஷன். அதுவும் அந்தக் காலத்தில் 20 வருடம் சர்வீஸ் போட்டால்தான். 19-ல் விலகினால் பெப்பே.

மெக்கார்ட்டி என்று ஒரு ராணுவ டாக்டர். கர்னல். கல்யாணம் 1957-ல். பென்சில்வேனியா, ஹவாய், டெக்ஸாஸ் என்று ஊர் ஊராக மாற்றல். 1976-ல், 18 வருட சர்வீஸில், கலிஃபோர்னியாவில் விவாகரத்துக்கு மனு போட்டார். வரப்போகும் பென்ஷனில் மனைவிக்குச் சுமார் 45 சதவீதம் என்றது மாகாண கோர்ட். அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1981 ஜூன் 26-ல் தீர்ப்பு. பென்ஷன் மத்திய அரசு வீரனுக்குத் தருவது, மாகாண கோர்ட் அதைப் பிரிக்க முடியாது. மனைவிக்குப் பூஜ்யம். தீர்ப்பெழுதிய நீதிபதி பிளாக்மன், இந்த மனைவிகளின் நிலைமை மோசம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சரிசெய்யவேண்டியது நாடாளுமன்றம் என்று பந்தை அங்கே தள்ளிவிட்டார்.

அங்கே பந்தைப் பிடிக்க ஒரு பெண்மணி இருந்தார். கொலராடோவின் பாட்ரீஷியா ஷ்ரோடர். 1973-ல் ராணுவக் குழுவில் உறுப்பினராக நுழைந்தவர். பெண்ணும் கறுப்பரும் தன் குழுவில் வந்து உட்காருவது தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஷ்ரோடரையும் கறுப்பின உறுப்பினர் ரான் டெல்லம்ஸையும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்காரவைத்தார் மனிதர். அப்படி இடம் பிடித்தவர், முன்னாள் மனைவிகளுக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1982 செப்டம்பரில் சட்டம் வந்தது. மாகாண கோர்ட்டுகள் இனி பென்ஷனைப் பிரிக்கலாம். 1981 ஜூன் 25-க்குப் பிந்தைய பென்ஷனுக்கெல்லாம் இது பொருந்தும் என்று எழுதினார்கள். தேதியைக் கவனியுங்கள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு முதல் நாள்! தப்பாக விழுந்த என்ட்ரியை லெட்ஜரிலிருந்தே அடித்தமாதிரி.

முழு வெற்றியா என்றால், இல்லை. சட்டம் பிரிக்கலாம் என்றதே தவிர, பிரித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. பங்கு நேரடியாக அவள் கைக்கு வரவேண்டுமென்றால் 10 வருடத் தாம்பத்தியமும் 10 வருட சர்வீஸும் ஒன்றாக ஓடியிருக்கவேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியும் மளிகைக் கடையும் ஆயுசுக்கும் வேண்டுமென்றால் 20 வருட சர்வீஸ், 20 வருடக் கல்யாணம், இரண்டும் 20 வருடம் சேர்ந்தே. ஒரு மாதம் குறைந்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவளுக்கு இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். அயல்நாட்டு கோர்ட் உத்தரவை மதித்தே தீருவோம் என்று அந்த நாட்டோடு அமெரிக்கா ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே, அதை வைத்துப் பென்ஷன் ஆபீஸ் பங்கு பிரிக்கும். அதனால் ஜெர்மனியில் வாங்கிய விவாகரத்து கல்யாணத்தை முடித்துவைக்கும், பென்ஷனைத் தொடாது. அமெரிக்க கோர்ட்டுக்கே போனாலும் எது வேண்டுமானாலும் ஆகாது. அந்த மாகாணம் கணவனின் சொந்த மாகாணமாக இருக்கவேண்டும், அல்லது டியூட்டிக்காக என்றில்லாமல் அவன் அங்கே குடியிருக்கவேண்டும், அல்லது அவனே சம்மதிக்கவேண்டும். ராம்ஸ்டைனிலோ ஒகினாவாவிலோ இருந்துகொண்டு ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போனால், அவள் முதலில் பதில் தெரிந்துவைத்திருக்கவேண்டிய கேள்வி இதுதான்: "உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஊர்?"