அரசாங்கச் சம்பளம், அரசாங்கத்தின் மேலேயே கேஸ்!

மின்சாரக் கம்பெனி கட்டணத்தை உயர்த்தச் சொல்லி மனுப் போடுகிறது. அதன் பக்கம் வரிசையாக வக்கீல்கள். பில் கட்டுகிற ஜனங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஆளுக்கொரு வக்கீல் வைக்க முடியுமா, என்ன?

இதற்காகவே அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 1924-ல் ஓர் அரசு வக்கீல் அலுவலகத்தைத் திறந்தது. 1974-ல் நியூ ஜெர்ஸி ஒரு படி மேலே போனது. கவர்னர் பிரெண்டன் பைர்ன் (அங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி!) மக்களுக்காக வாதாடத் தனி இலாகாவே அமைத்தார். தலைவர் ஸ்டான்லி வான் நெஸ். பொதுநலனுக்காக அரசாங்கத்தின் மேலேயே அவர் கேஸ் போடலாம்!

எந்த ஆட்சிக்குத்தான் இது இனிக்கும்? 1994-ல் கவர்னர் கிறிஸ்டின் விட்மன் இலாகாவை மூடினார். 2005-ல் புதுச் சட்டம் அதற்கு உயிர் கொடுத்தது. 2010-ல் கிறிஸ் கிறிஸ்டி மறுபடி மூடினார். இரண்டு முறையும் சொன்ன காரணம் - சிக்கனம்!

மின்கட்டண வழக்குகளைப் பார்க்கும் பிரிவு தப்பித்தது. 2010 சட்டப்படி அது நிதித் துறையில் இருக்கும். ஆனால், நிதித் துறைக்குக் கட்டுப்படாது. செலவுக்குக் கம்பெனிகளிடமே தனிக் கட்டணம் வசூல். ஆனாலும், தலைவரை நியமிப்பவர் கவர்னர்தான்.

ஓர் அலுவலகம் சுதந்திரமானதா என்று தெரிய மூன்று கேள்விகள் போதும். நியமிப்பது யார்? பணம் தருவது யார்? இழுத்து மூடக்கூடியவர் யார்? மூன்றாவதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறோம்.